மாவுக்கு ராத்திரி ஷிஃப்ட்

அண்ணனின் ரத்தத்தை நான்தான் எடுத்தேன். ரிசல்ட்டும் முதலில் என் கண்ணில்தான் பட்டது.

நான் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். உயிர்வேதியியல் படித்தவள். நாள் முழுக்க ஊரார் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பதால் எண்களைக் கண்டு பதறும் பழக்கம் எனக்கில்லை. அன்றைக்குப் பதறினேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் சோதனை அது. ஆறு புள்ளி நான்கு என்று காட்டியது. இன்னும் ஒரு துளி ஏறினால் அதற்குச் சர்க்கரை நோய் என்றே பெயர். இயந்திரம் தப்பாகச் சொல்கிறதோ என்று மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதே எண்.

அண்ணனுக்கு முப்பத்து நான்கு வயது. ஒல்லி. குடிப்பதில்லை, புகைப்பதில்லை. பேக்கரி வைத்திருந்தாலும் இனிப்பைத் தொடமாட்டான். பார்த்துப் பார்த்தே வெறுத்துவிட்டது அவனுக்கு.

எனக்கு யாரிடமும் எதையும் நேராகச் சொல்ல வராது. அதனால் அண்ணியிடம் போனேன். அண்ணியிடம் பாதி சொன்னால் போதும், மீதியை அவளே எடுத்துக்கொள்வாள்.

"சர்க்கரையா? அவர் டீக்கே சர்க்கரை போட்டுக்கிறதில்லையே பாப்பா."

"ப்ரஷரும் பார்த்தேன், அதிகமா இருக்கு அண்ணி."

எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். நீயும் வர்றே. நான் கேக்க மறந்ததை நீ கேக்கணும்."

"நான் எங்க அண்ணி கேக்கப்போறேன்..."

"அப்ப என் காதுல சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பிறகு, "ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?" என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்தது. எங்கள் வீட்டு ஆண்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி அது.

"பதினொன்னு ஆயிடும் டாக்டர். ரெண்டு மணிக்கு எழுந்துருவேன். மாவு பிசையணும்ல?"

"பகல்ல தூங்குவீங்களா?"

"கிடைச்சா கொஞ்ச நேரம். கடைக்கு யாராவது வந்துட்டே இருப்பாங்க. பழகிருச்சு டாக்டர், ஒண்ணும் தெரியாது. எங்கப்பா முப்பது வருஷம் இப்படித்தான். அலாரமே வச்சதில்ல அவரு."

"அப்பா இப்ப எப்படி இருக்காங்க?"

அண்ணன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அண்ணிதான் சொன்னாள். "மாமாவுக்குப் பக்கவாதம் வந்து அஞ்சு வருஷம் ஆச்சு டாக்டர். வலது கை இன்னும் சரியா வரல. சர்க்கரை, ப்ரஷர் ரெண்டும் இருக்கு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். தூங்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி இதயமும் ரத்தக்குழாய்களும் கொஞ்சம் ஓய்வெடுக்கும், தூக்கம் குறைந்தவர்களுக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை என்றார். உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காது, பசியைக் கிளப்புகிற ஹார்மோன் கூடும், அடக்குகிற ஹார்மோன் குறையும் என்றார். தூக்கம் குறைந்த எல்லோருக்கும் நோய் வந்துவிடும் என்று சொல்லவில்லை. வாய்ப்பு கூடுகிறது என்றார். குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தால் இன்னும் கூடும்.

"மூணு மாசம் பார்ப்போம். நல்லாத் தூங்கி, சாப்பாட்டையும் பார்த்துக்கிட்டு வாங்க. குறையலைன்னா மாத்திரை ஆரம்பிச்சிருவோம்."

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னான். "தூங்கணுமாம். ரொட்டியை யாரு சுடுவா, அந்தம்மாவா வருவாங்க?"

அண்ணி எதுவும் சொல்லவில்லை. வீடு வரும்வரைக்கும் சொல்லவில்லை. அது நல்லதுக்கில்லை என்று அண்ணனுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் கடை. முன்னால் கண்ணாடி அலமாரி, நடுவில் மாவு பிசையும் நீள மேஜை, பின்னால் அடுப்பு. அடுப்பை ஒட்டிய அறையில் அப்பா படுக்கிறார். மாடி ஏற முடியாததால் அங்கே வந்தவர், பிறகு அடுப்புச் சூடு கைக்கு இதமாக இருக்கிறது என்று அங்கேயே தங்கிவிட்டார். அம்மா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பகலில் அப்பா கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பெருமை பேசுவார். "இந்தத் தெருவுக்கே விடியறது எங்க அடுப்புலதான்." விடிந்தபிறகு எழுந்திருக்கிறவர்களைப் பற்றி அவருக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது. லேபுக்கு ஒன்பது மணிக்குப் போகிற நான் அந்தப் பட்டியலில் முதல் ஆள்.

மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அண்ணன் எதிரே உட்கார்ந்தாள்.

"ரெண்டு மணிக்கு எழுந்து என்னென்ன செய்வீங்க? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"தெரியாத மாதிரி கேக்கறே. கூடத்தானே நிக்கறே?"

"நிக்கறேன். அரைத் தூக்கத்துல. சொல்லுங்க."

அண்ணன் சொன்னான். மாவு அளப்பது, ஈஸ்ட் கலப்பது, பிசைவது. பிறகு உப்புவதற்கு வைப்பது. தட்டி, வெட்டி, அச்சில் போடுவது. மறுபடி உப்புவதற்கு வைப்பது. அப்புறம் அடுப்பு.

"உப்புற நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

"பார்த்துட்டிருப்பேன்."

"எதை?"

"மாவைத்தான்."

"அப்ப பாதி ராத்திரி நீங்க மாவுக்கு வாட்ச்மேன்."

அப்பா கல்லாவிலிருந்து சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, அது மெதுவா உப்புறதுக்கு ஏதாவது வழி இருக்கா? சாயங்காலம் பிசைஞ்சு வச்சா காலைல தயாரா இருக்கிற மாதிரி?"

மெதுவாகத்தான் சொன்னேன். ஈஸ்ட் உயிருள்ளது, குளிரில் சாகாது, வேலையை மட்டும் மெதுவாகச் செய்யும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நாம் தூங்குகிற நேரத்துக்கு அது தன் பாட்டுக்கு உப்பிக்கொண்டிருக்கும். வேறு ஊர்களில் அப்படிச் செய்கிறார்கள் என்று படித்திருக்கிறேன்.

"அவ்வளவுதானே" என்றாள் அண்ணி. "ராத்திரி ஷிஃப்ட்டை மாவு பார்க்கட்டும். நீங்க தூங்குங்க."

"ஃப்ரிட்ஜ்ல வச்ச மாவு பழைய மாவு" என்றார் அப்பா. இப்போது சிரிப்பு இல்லை. "என் கடைல பழைய மாவு ரொட்டி வித்ததில்ல."

"ஒரு தடவை சுட்டுப் பார்ப்போம் மாமா. நல்லா இல்லேன்னா நீங்களே குப்பைல போடுங்க."

மூடிப்போன ஒரு ஐஸ்கிரீம் கடையிலிருந்து பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்று வந்தது. ஆள் உயரம், பூட்டுப் போடுகிற கதவு, பக்கவாட்டில் சிரிக்கிற பனிக்கரடி. கரடியைச் சுரண்டி எடுக்கலாம் என்றான் அண்ணன். இருக்கட்டும், ராத்திரி மாவுக்குத் துணை என்றாள் அண்ணி.

முதல் நாள் சாயங்காலம் பிசைந்தார்கள். மறுநாள் காலையில் நான் இறங்கி வந்தபோது ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. மாவு அச்சுகளிலிருந்து வழிந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, தரையில் இறங்கி, மேஜைக் காலைக் கட்டிப்பிடித்திருந்தது. அண்ணன் இடுப்பில் கைவைத்து நின்றான். அண்ணி சுவரில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஈஸ்ட் எவ்வளவு போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதான்."

எப்பவும் போடுவது என்றால் அவன் கை அள்ளுவது. கண்ணை மூடிக்கொண்டு அள்ளினாலும் அதே அளவு வரும். அவசரமாக உப்பவேண்டிய மாவுக்குப் பழகிய கை, ராத்திரி முழுக்க நேரம் இருக்கிற மாவுக்கும் அதையே அள்ளியிருக்கிறது. அன்றிலிருந்து ஈஸ்ட் போடுவதை அண்ணி எடுத்துக்கொண்டாள். ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைத்துப் பார்த்தாள்.

இன்னொரு வேலையும் செய்தாள். ஆறு மணிக்கு வருகிற வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரிடமும் போய், இனிமேல் ரொட்டி ஏழு மணிக்குத்தான் என்று சொன்னாள். எனக்கானால் நாக்கு எழுந்திருக்காது. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆறு மணிக்கு சாப்ட்டுட்டு எங்க கப்பலா ஏறப்போறீங்க? ஏழுக்கு வாங்க, சூடா தர்றேன்." கடையை ராத்திரி ஒன்பதுக்கே சாத்தினாள். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்றாள்.

நான்காவது முயற்சியில் ரொட்டி வந்தது. மேல்தோல் செம்பு நிறத்தில், உள்ளே பஞ்சு மாதிரி. அப்பா இடது கையால் பிய்த்து முகர்ந்தார், மென்றார், மறுபடி பிய்த்தார். "பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

ஆனால் அது நிலைக்கவில்லை. இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் புளிக்கும். ஒரு நாள் உப்பும், ஒரு நாள் தட்டையாக உட்கார்ந்துவிடும். ஈஸ்ட் அதே, மாவு அதே, தண்ணீர் அதே. தெருமுனை ஹோட்டல்காரர் நேரிலேயே வந்துவிட்டார். "ஏம்பா, ரொட்டில தயிரு ஏதும் ஊத்துனியா? இப்படியே போனா நான் வேற ஆளைப் பார்க்க வேண்டியதுதான்."

அவர் போனபிறகு அப்பா சொன்னார். "போதும். நாளன்னைக்கிலேர்ந்து பழையபடி ரெண்டு மணிக்கு அடுப்பு மூட்டு. ஒரு டாக்டரம்மா சொன்னான்னு பரம்பரைத் தொழிலைக் கெடுத்துக்க முடியாது."

அண்ணன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலில் ஒரு நிம்மதி இருந்ததை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்தாள்.

அவன் முகத்தையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாக ஒன்பதரைக்கே படுக்கப் போகிறவன், கண்ணுக்குக் கீழே கறுப்போடுதான் எழுந்து வந்தான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். தூங்குவதற்கு நேரம் கொடுத்தால் தூங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். பதினாறு வருடங்களாக இரண்டு மணிக்கு எழுந்த உடம்புக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மாவை உள்ளே வைத்து, கடையைக் கூட்டிப் பெருக்கியபின், அண்ணி ஒரு கைப்பிடி மைதாவை எடுத்து ஃப்ரிட்ஜ் முன்னால் தரையில் மெல்லியதாகத் தூவினாள். அண்ணன் அப்போது மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

காலையில் எல்லோரையும் கூப்பிட்டாள். தரையில் செருப்புத் தடம். ஃப்ரிட்ஜ் வரைக்கும் வந்து, நின்று, திரும்பி, மறுபடி வந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை.

"என்னங்க இது?"

"பூனை ஏதாவது வந்திருக்கும்" என்றான் அண்ணன்.

"பூனை செருப்பு போடுதா?"

அண்ணன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"அதுவும் பத்து நம்பர் செருப்பு."

அண்ணன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு எல்லாம் புரிந்தது. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் குளிர் வெளியே போகிறது. திறந்து வைத்துக்கொண்டு அச்சுகளைத் தொட்டுப் பார்த்தால் இன்னும் போகிறது. அவன் தூங்கிய இரவுகளில் ரொட்டி நன்றாக வந்திருக்கிறது. தூங்காத இரவுகளில் புளித்திருக்கிறது.

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஏங்க எழுந்து வர்றீங்க?"

"முழிப்பு வந்துருது."

"வந்தா படுத்தே இருக்கலாம்ல?"

"படுத்தா காது கீழேயே இருக்கு. மாவு என்ன ஆச்சோ, உப்பிச்சோ இல்லையோ... அப்பா முப்பது வருஷம் தூங்காம வளர்த்த கடை. நான் தூங்கித் தூங்கி அழிச்சுட்டேன்னு ஆயிரக்கூடாது இல்ல?"

கல்லாப் பக்கமிருந்து அப்பாவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். மைதாத் தடத்தைக் குனிந்து பார்த்தார்.

"நானும் இப்படித்தான்டா வந்து நிப்பேன்" என்றார். "கல்யாணத்துக்குப் போயிருந்தாக்கூட ரெண்டு மணிக்கு முழிச்சு உக்காந்திருப்பேன். உங்கம்மா திட்டுவா. பெருமையா நினைச்சுட்டிருந்தேன்."

வலது கையை இடது கையால் தூக்கி மேஜைமேல் வைத்தார். சாமானை வைக்கிற மாதிரி.

"தூங்காம இருந்து கடையைக் காப்பாத்தினேன். கையைக் காப்பாத்த முடியலையே."

பிறகு அண்ணியிடம் இடது கையை நீட்டினார். "அந்த ஃப்ரிட்ஜு சாவியைக் கொடும்மா."

"எதுக்கு மாமா?"

"கொடு. பூட்டி என் தலகாணிக்கடில வச்சுக்கறேன். இவனுக்கு வேணும்னா என்னை எழுப்பித்தான் வாங்கணும். எழுப்புவானா பார்ப்போம்."

அண்ணி சாவியைக் கொடுத்தாள். என்னிடம் பிறகு சொன்னாள். "நான் பூட்டியிருந்தா பத்து தடவை என்னை எழுப்பியிருப்பார். மாமாவை எழுப்ப அவருக்கு மனசு வராது. எனக்கு அது தோணவே இல்ல பாரு." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பொறாமை இல்லை. நல்ல வேலையைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது.

ஹோட்டல்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்டாள். கொடுத்தார்.

தூக்கம் உடனே வந்துவிடவில்லை. முழிப்பு வந்தால் அண்ணன் படிக்கட்டில் பாதி இறங்கி உட்கார்ந்திருப்பான், கீழே அப்பாவின் குறட்டை கேட்கும், திரும்பிப் போய்ப் படுப்பான் என்று அண்ணி சொன்னாள். சாயங்காலத்துக்கு மேல் அவனுக்கு டீ கிடையாது என்றாள். படுக்கையறைக் குழல்விளக்கைக் கழற்றிவிட்டு மங்கலான பல்பு போட்டாள். கடை பற்றிய பேச்சு படி ஏறக்கூடாது என்று சட்டம். "அப்ப எதைத்தான் பேசறது?" என்று அண்ணன் கேட்டானாம். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவனுக்கு அந்தப் பிரச்சினை வந்தது அதுதான் முதல் தடவை.

மெல்ல மெல்ல மாறியது. நான் கவனித்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மாவு மூட்டையை எங்கே வைத்தேன் என்று தேடுவதை விட்டான். வாடிக்கையாளர் சில்லறைக்கு நின்றால் எரிந்து விழுவதில்லை. நள்ளிரவில் எழுந்ததும் கையில் கிடைக்கிற பன்னை விழுங்குகிற பழக்கம், அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது, தானாக நின்றது. ஒரு நாள் என்னை "ஏய் லேப்பு" என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்தான். காலேஜில் சேர்ந்தபோது அவன் வைத்த பெயர். அதை அவன் மறந்தேவிட்டான் என்று நினைத்திருந்தேன்.

ரொட்டி நிலைத்தது. ஹோட்டல்காரர் கூடுதலாகக் கேட்டார். கெட்டிக்கார சமையல்காரரிடம் ரகசியம் கேட்கிற மாதிரி, "மாவுல என்னம்மா சேர்க்கறீங்க?" என்று குரலைத் தாழ்த்தினார். "தூக்கம்" என்றாள் அண்ணி. அவர் நம்பவில்லை. அது ஏதோ கம்பெனிப் பொடியின் பெயர் என்று நினைத்திருப்பார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி நானே ரத்தம் எடுத்தேன். லேபில் அந்த டியூபை மற்ற டியூப்களோடு வரிசையில் வைத்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி வேறு வேலை செய்தேன். முடிவு வந்தது. ஆறு புள்ளி ஒன்று. அதிசயம் இல்லை. ஆனால் இறங்கியிருக்கிறது. நான் இயந்திரத்தை மறுபடி ஓட்டவில்லை.

டாக்டரம்மா ரத்த அழுத்தத்தை இரண்டு கையிலும் பார்த்தார். அதுவும் குறைந்திருந்தது.

"இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். இன்னும் இறங்கணும், இதை விட்டுறாதீங்க. என்ன பண்ணீங்க?"

"தூங்கினேன் டாக்டர்."

"வேற?"

அண்ணன் யோசித்தான். எங்கள் வீட்டு ஆண்கள் மனைவியைப் பற்றி வெளியாளிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. "இவதான் தூங்க வச்சா" என்றான். "நானா தூங்கியிருக்க மாட்டேன்."

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். காது நுனி சிவந்திருந்தது.

டாக்டரம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்களும் ரெண்டு மணிக்கு எழுந்திருப்பீங்களா, முன்னாடி?"

"ஆமா டாக்டர். இவருக்கு முன்னாடியே எழுந்து அடுப்பு மூட்டணும். எட்டு வருஷமா."

"உங்களுக்குப் பார்த்தீங்களா, சர்க்கரை, ப்ரஷர் எல்லாம்?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அரைத் தூக்கத்தில் நிற்கிறேன் என்று அவள் சொன்னபோது நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம்.

"எனக்கென்ன டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்று ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலைல, அண்ணி" என்றேன் நான். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "சாப்பிடாம இருங்க. கீழே வராதீங்க. நான் மாடிக்கு வந்து எடுத்துக்கறேன்."

"காலைல அடுப்பு..."

"அடுப்பை நான் பார்த்துக்கறேன்" என்றான் அண்ணன். "நீ தூங்கு."

மறுநாள் ஊசியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கீழேயிருந்து ரொட்டி வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. அண்ணி எழுந்து, முடியைக் கூட முடிக்காமல், கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டினேன். தரையில் மாவைத் தூவிப் புருஷனைப் பிடித்தவள், தெருவையே ஒரு மணி நேரம் காக்கவைத்தவள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"வலிக்குமா பாப்பா?"

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"எல்லாருகிட்டயும் இதைத்தான் சொல்வியா?"

"ஆமா அண்ணி."

"எடு" என்றாள். நரம்பு உடனே கிடைத்தது.